“ஒரு நாளில் என்ன வந்துவிடப் போகிறது?”

மாதர் சங்கக் கூட்டங்களுக்குச் சுகாதார வகுப்பு எடுக்கப் போகும்போதெல்லாம் என் காதில் விழும் வசனம் இது. அடுப்புப் புகையைப் பற்றிப் பேசினாலும் இதுதான் பதில். விறகுக்காகப் பற்றைக்குள் போவதைப் பற்றிப் பேசினாலும் இதுதான். கடனைப் பற்றிப் பேசினால், “கிழமைக்கு ஆயிரத்துச் சொச்சம்தானே மிஸ்” என்பார்கள்.

இப்படிச் சொல்பவர்கள் உலகம் தெரியாதவர்கள் அல்லர். செல்லடிக்குள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடியவர்கள், பதுங்குகுழிக்குள் பிள்ளை பெற்றவர்கள், முகாமில் தண்ணீர் வரிசையில் நின்றவர்கள். எது பெரிய ஆபத்து என்பதை அவர்கள்தான் எனக்குச் சொல்லித்தர வேண்டும். அவ்வளவையும் கண்ட ஒருத்திக்கு அடுப்புப் புகை ஓர் ஆபத்தாகவே தெரியாததில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

ஆனாலும் ஒரு விடயத்தைப் பிரித்து யோசிக்க வேண்டியிருக்கிறது. செல் விழுந்தால் விழுந்த சத்தம் கேட்கும். சின்ன ஆபத்துக்குச் சத்தம் இல்லை. அது இன்றும் வரும், நாளையும் வரும். ஆய்வு அறிக்கைகளில் இதனைத் ‘திரண்ட ஆபத்து’ என்று எழுதுகிறார்கள். கூட்டத்தில் அந்தச் சொல்லைச் சொன்னால் யாருக்கும் பிடிபடுவதில்லை. ‘சேர்ந்து வருகிற ஆபத்து’ என்றால் உடனே விளங்கிவிடுகிறது. நானும் அப்படியே சொல்கிறேன்.

பானையும் லூடோக் கட்டையும்

சேர்ந்து வருவதில் இரண்டு விதம் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலருக்கு இது விளங்குவதில்லை.

முதலாவது பானை. ஒழுகுகிற கூரைக்குக் கீழே பானை வைத்தால் துளி துளியாக நிரம்பும். ஒரு துளி ஒன்றும் செய்யாது. ஆனால் விழுந்த துளி எங்கும் போவதில்லை, பானைக்குள்ளேயே நிற்கிறது.

இரண்டாவது, பிள்ளைகள் விளையாடும் லூடோக் கட்டை. ஒரு தடவை எறிந்தால் ஆறு விழுவதற்கான வாய்ப்பு ஆறில் ஒன்று. நான்கு தடவை எறிந்தால், ஒரு தடவையாவது ஆறு விழும் வாய்ப்பு பாதிக்கு மேல், அதாவது நூற்றுக்கு 52. பத்துத் தடவை எறிந்தால் நூற்றுக்கு 84. இங்கே கட்டைக்குள் எதுவும் சேர்ந்து நிற்பதில்லை. அதற்கு ஞாபகமும் கிடையாது. முன்பு ஒன்பது தடவை ஆறு விழவில்லை என்பதால் பத்தாவது தடவை விழவேண்டிய கட்டாயமும் இல்லை, விழாமல் விடும் கருணையும் இல்லை. திரும்பத் திரும்ப எறிகிறோம், அவ்வளவுதான். இன்னொன்று: ஆறு தடவை எறிந்தால் கட்டாயம் ஒரு ஆறு விழும் என்று நினைப்பதும் பிழை. ஆறு தடவை எறிந்தாலும் வாய்ப்பு நூற்றுக்கு 67 தான்.

இந்த இரண்டையும் ஒரே விறகுக்கட்டில் காட்டலாம். விறகு எடுக்கப் போவது கட்டை எறிவது. அந்த விறகை வீட்டில் எரிப்பது பானை நிரப்புவது.

புகைக் கணக்கு

சிகரெட் பிடிப்பவர் வைத்தியரிடம் போனால், “ஒரு நாளைக்கு எத்தனை? எத்தனை வருடமாக?” என்று கேட்பார். இரண்டையும் பெருக்கித்தான் சுவாசப்பை எவ்வளவு தாங்கியிருக்கிறது என்று கணிக்கிறார்கள். விறகடுப்புக்கும் ஆய்வாளர்கள் இதே மாதிரி ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் அடுப்படியில் புகைக்குள் நிற்கிறீர்கள் என்பதை, எத்தனை வருடமாக நிற்கிறீர்கள் என்பதால் பெருக்க வேண்டும். பதினைந்து வயதில் அடுப்புப் பிடித்த ஒருத்திக்கு இப்போது நாற்பத்தைந்து வயது, ஒரு நாளைக்கு நான்கு மணித்தியாலம் என்றால், நான்கை முப்பதால் பெருக்கி 120.

ஒரு கூட்டத்தில் எல்லோரையும் இந்தக் கணக்கைப் போடச் சொன்னேன். மூலையில் இருந்த ஓர் அம்மாவுக்கு 240 வந்தது. “அப்ப எனக்குப் புகைக்கே ஒரு பென்சன் தரவேணும் பிள்ளை” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவரே, “நாப்பத்தெட்டு வருசமா உந்த அடுப்போடதான் நிக்கிறன். எனக்கு ஒண்டும் நடக்கேல்லையே” என்றார். கிணற்றடியில் இருந்து வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்குவதாகவும் அவர்தான் சொன்னார். அது வயதுக்கு வந்த களைப்பு என்பது அவருடைய எண்ணம். வயதும் இருக்கலாம். ஆனால் சுவாசக் குழாய்கள் மெல்ல மெல்ல ஒடுங்கும் நாட்பட்ட நோய் இப்படித்தான் தொடங்கும். கிளினிக்குக்குப் போய்க் காட்டும்படி சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்குள் எழும் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 32 இலட்சம் பேர் வரை இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. அவர்களில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். சுவாசப்பை நோய் மட்டுமல்ல, மாரடைப்பும் பாரிசவாதமும் இதில் அடக்கம். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு அடுப்பு ஊதுகிறோமே, அந்தப் பிள்ளையின் கணக்கு பதினைந்து வயதில் அல்ல, அன்றே தொடங்கிவிடுகிறது.

பானைக்குள் ஒரு ஓட்டையால் மட்டும் துளி விழுவதில்லை என்பதையும் பார்க்க வேண்டும். காலையில் அடுப்புப் புகை. அதை மூட்டுவதற்கு ஒரு சொப்பிங் பை. பின்னேரம் வளவுக் குப்பைக்கு வைத்த நெருப்பு. இரவில் வீட்டுக்காரரின் சிகரெட். படுக்கும்போது கதவைச் சாத்திவிட்டு ஒரு நுளம்புச்சுருள். சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற நுளம்புச்சுருள்களை எரித்துப் பார்த்த ஆய்வொன்று 2003இல் வெளிவந்தது. ஒரு முழுச் சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிந்ததற்குச் சமம் என்று அதில் கண்டார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்டால் ‘இது ஒரு சின்ன விடயம்’ என்றுதான் சொல்வோம். சுவாசப்பை அவற்றைத் தனித்தனியே எண்ணுவதில்லை.

2022இல் காஸ் தட்டுப்பாடு வந்தபோது, காஸ் அடுப்புக்கு மாறியிருந்த பல வீடுகளும் விறகுக்குத் திரும்பின. அது யாருடைய விருப்பமும் அல்ல. ஆகவே ‘விறகை விட்டுவிடுங்கள்’ என்று சொல்லிவிட்டு வருவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. குறைப்பதைப் பற்றித்தான் பேசுகிறேன். இன்று முப்பது வயதான ஒரு பெண்ணின் கணக்கு 60 என்று வைத்துக்கொள்வோம். அவர் இன்னும் முப்பது வருடத்துக்கு நாளுக்கு நான்கு மணித்தியாலம் நின்றால் 180 ஆகும். அதை இரண்டு மணித்தியாலமாக்கினால் 120 இல் நிற்கும். பழைய 60 போகாது. ஆனால் புதிதாகச் சேர்வது பாதியாகும்.

இரண்டு மணித்தியாலத்தை எப்படி மிச்சம் பிடிப்பது? பருப்பையும் கடலையையும் முதல் நாள் இரவே ஊறப்போட்டால் அவியும் நேரம் குறையும். மூடி போட்டு அவிப்பது சின்ன வேலை, பலன் பெரிது. ஈர விறகுதான் அதிகம் புகைக்கும். மழைக்கு முன்பே வெட்டி அடுக்கிக் காயவிட வேண்டும். அனகி அடுப்பு எங்கள் நாட்டுக்குப் புதிதல்ல, ஒரு நெருப்பில் இரண்டு சட்டி வைக்கலாம், விறகும் மிச்சம். புகைபோக்கி கட்ட வசதியில்லாவிட்டால், அடுப்புக்கு நேரே மேலே ஒரு திறப்பும் எதிரே ஒரு யன்னலும் இருந்தாலே வித்தியாசம் தெரியும். புதிதாக வீடு கட்டும்போது குசினிக்கு யன்னல் வைக்க மறந்துவிடுகிறார்கள். வரைபடம் கீறுகிறவர் சமைப்பதில்லை என்பது என் அபிப்பிராயம்.

பற்றைக்குள் போகும் பாதை

இனி விறகு எடுக்கும் பக்கத்துக்கு வருவோம். 2009இன் பின்னர் வன்னியில் மீள்குடியேறிய காலத்தில் ‘அபாயம், மிதிவெடி’ என்ற சிவப்புப் பலகைகளைக் காணாத வீதியே இல்லை எனலாம். இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. வெடி அகற்றி முடிக்க அதன்படி கிடைத்த தவணை 2028 ஜூன் மாதம். பெரும்பகுதி நிலம் துப்புரவாகிவிட்டது. முகமாலை போன்ற இடங்களில் வருடக்கணக்காக வேலை நடந்தது. ஆனாலும் பற்றைக்குள்ளும் பழைய காவலரண் பக்கத்திலும் மண்ணுக்குள் மிச்சம் கிடக்கக்கூடும். மிதிவெடிக்கு வயது போவதில்லை. யுத்தம் முடிந்தது அதற்குத் தெரியாது.

ஒரு தடவை போவதில் ஆபத்து ஆயிரத்தில் ஒன்று என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இது நான் கணக்குக்காக எடுத்த எண், எந்த இடத்துக்கும் உரியதல்ல. ஆயிரத்தில் ஒன்று என்றால் யாரும் பயப்பட மாட்டார்கள். ஆனால் வருடத்துக்கு முந்நூறு தடவை போனால், ஒரு தடவையாவது அகப்படும் வாய்ப்பு நூற்றுக்கு 26 ஆகிறது. நான்கு பெண்கள் அப்படிப் போனால் அதில் ஒருத்தி என்று சொல்லலாம். ஆயிரம் தடவை போனால் நூற்றுக்கு 63.

“இவ்வளவு நாளும் போய் வந்தோமே” என்பது இங்கே சாட்சி ஆகாது. கட்டைக்கு ஞாபகம் இல்லை என்று சொன்னேன் அல்லவா? தவிர, கூட்டத்துக்கு வந்து ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று சொல்பவர்கள் ஒன்றும் நடக்காதவர்கள்தான். நடந்தவர்கள் அந்த இடத்தில் இருந்து பேசுவதில்லை.

பற்றையில் இன்னொன்றும் நடக்கிறது. கிட்ட இருக்கும் விறகு முதலில் முடிந்துவிடும். அடுத்த கிழமை பத்து அடி உள்ளே, அதற்கடுத்த கிழமை இன்னும் பத்து அடி. எல்லோரும் நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதையில் ஆபத்து குறைவு. பாதையை விட்டு வைக்கும் முதல் அடியிலிருந்து கணக்கு மாறுகிறது. போன வருடம் எறிந்த கட்டைக்கு ஆறு பக்கம் என்றால், இந்த வருடம் எறியும் கட்டையில் பக்கங்கள் குறைந்துவிட்டன. ஆனால் கையில் பிடித்தால் அதே கட்டை மாதிரித்தான் இருக்கும்.

வெடி அகற்றும் பணியில் எங்கள் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பலர் குடும்பத்தைத் தனியே தாங்குபவர்கள். அவர்கள் முழங்காலில் இருந்து, கையால் மண்ணைக் கிளறி, ஒரு நாளைக்குச் சில சதுர மீற்றர் நிலத்தைத்தான் துப்புரவாக்குகிறார்கள். முகக்கவசம் இல்லாமல் ஒரு நிமிடமும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளும் அப்படித்தான், ஆயிரமாவது நாளும் அப்படித்தான். பயத்தினால் அல்ல. அவர்கள்தான் கட்டையை எங்களைவிட அதிகம் எறிகிறார்கள். அதிகம் எறிபவர் ஒவ்வொரு எறியலிலும் ஆபத்தை மிகமிகச் சிறிதாக்கி வைத்திருக்க வேண்டும்.

எங்களுக்கு அந்தக் கவசம் இல்லை. ஆகவே தேய்ந்த பாதையை விட்டு இறங்காதிருப்பதும், பலகை விழுந்து கிடந்தாலும் அது நின்ற இடத்தை நினைவில் வைத்திருப்பதும், இனம் தெரியாத பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பிக் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவிப்பதும்தான் வழி. பழைய இரும்பு பொறுக்கப் போகும் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வளவு வேலியில் கிளிசரியா நட்டு விறகுக்கு வெட்டுபவர்கள் கட்டை எறிவதையே குறைத்துக்கொள்கிறார்கள்.

தானாகப் பெருகும் பானை

கடனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆண்டுக்கு 28 வீத வட்டி என்று சொல்லி 50,000 ரூபா கொடுக்கிறார்கள். வட்டி 14,000. மொத்தம் 64,000 ரூபாவை 52 கிழமையில் கட்ட வேண்டும். கிழமைக்கு 1,231 ரூபா. ஆனால் முதல் கிழமையிலிருந்தே முதலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறோம். வருடம் முழுவதும் 50,000 ரூபா எங்கள் கையில் இருக்கவில்லை, சராசரியாகப் பாதிதான் இருந்தது. அப்படிப் பார்த்தால் உண்மையான வட்டி ஆண்டுக்கு 50 வீதத்துக்குக் கிட்ட வரும்.

திங்கட்கிழமை ஒரு கம்பனி, புதன் ஒன்று, வெள்ளி ஒன்று. தனித்தனியே ஒவ்வொன்றும் ‘ஆயிரத்துச் சொச்சம்தானே’. மூன்றும் சேர்ந்தால் கிழமைக்கு 3,693 ரூபா. புதன்கிழமைக் காசைத் திங்கட்கிழமைக்குக் கட்டி, புதனுக்கு மீற்றர் வட்டியில் வாங்கத் தொடங்கினால், அது வேறு கதை. மாதம் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு 10,000 ரூபா வாங்கி, வட்டியையும் கட்டமுடியாமல் அது முதலோடு சேர்ந்தால், ஒரு வருட முடிவில் 22,000 அல்ல, 31,384 ரூபா. துளி துளியையே பெற்றெடுக்கும் பானை இது.

2018இல், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்திருந்த ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் திட்டம் கொண்டுவந்தது. அது நல்ல விடயம். ஆனால் பக்கத்தில் இருந்த நகை அடைவுக்கும் கைமாற்றுக்கும் அந்தத் தள்ளுபடி வரவில்லை. ஒரு கடனை மட்டும் பார்த்தால் சுமை தெரியாது. கொப்பியில் ஒரே பக்கத்தில் எல்லாக் கடனையும், கடைக்காரரின் பற்று உட்பட, ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டிப் பாருங்கள். நான்காவது கடனுக்குக் கையெழுத்து வைக்க முன்பு செய்ய வேண்டிய வேலை இது. கூட்டுக் கடனில் பக்கத்து வீட்டாரின் பொறுப்பும் எங்கள் கணக்கில்தான் என்பதையும் அந்தப் பக்கத்தில் எழுத வேண்டும்.

மனதுக்கும் கணக்கு உண்டு

ஒரு பெண் சின்ன விடயத்துக்கு உடைந்துபோய் அழுகிறாள். சட்டியில் சோறு அடிப்பிடித்துவிட்டது. அல்லது மாமியார் ஒரு சொல் சொல்லிவிட்டார். “இதுக்குப் போய் இப்படி அழுவதா? எவ்வளவைத் தாங்கினவள்!” என்கிறோம். கடைசித் துளியைத்தான் பார்க்கிறோம். அது விழும்போது பானை எவ்வளவு நிரம்பியிருந்தது என்று பார்ப்பதில்லை. எவ்வளவோ தாங்கியதால்தான் இதைத் தாங்க முடியவில்லை என்பதே பல வேளைகளில் உண்மை. அவள் பலவீனமானவள் அல்லள்.

இது வெறும் ஊகம் அல்ல. வடக்குக் கிழக்கில் ஒன்பது முதல் பதினைந்து வயது வரையான 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளைச் சந்தித்துச் செய்த ஆய்வொன்று 2008இல் வெளியானது. யுத்தம், 2004 சுனாமி, வீட்டுக்குள் நடக்கும் அடி உதை ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கேட்டுப் பதிந்தார்கள். எத்தனை வகையான கொடுமைகளை ஒரு பிள்ளை கண்டதோ, அந்த அளவுக்கு மனவடுவின் அறிகுறிகளும் கூடியிருந்தன. தகப்பனின் குடிக்கும் வீட்டு வன்முறைக்கும் தொடர்பு இருப்பதையும் கண்டார்கள். மனம், செல் விழுந்ததை ஒரு கணக்கிலும் தகப்பன் அடித்ததை இன்னொரு கணக்கிலும் எழுதுவதில்லை. எல்லாம் ஒரே கொப்பிதான்.

அந்த ஆய்வைப் பற்றிக் கேட்ட ஒரு தாய், “அப்ப என்ர பிள்ளைக்கு இனி ஒண்டும் செய்யேலாதோ?” என்று கேட்டார். யுத்தம் எழுதியதை எங்களால் அழிக்க முடியாது. சுனாமி எழுதியதையும் முடியாது. ஆனால் இந்தக் கிழமை வீட்டுக்குள் எழுதப்படுவது எங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு அடி விழாமல் ஒரு வீடு கிடைப்பது, சோகத்தில் இருக்கும் ஒரு பெரியவருக்குப் பேச ஒரு துணை கிடைப்பது, இவையும் சேரும் வகைதான். கோயில் திருவிழாவில் கூட்டமாகச் சமைப்பதும், செத்தவீட்டில் எல்லோரும் சேர்ந்து ஒப்பாரி வைப்பதும் எங்கள் ஊர்களில் முன்பு இந்த வேலையைத்தான் செய்தன என்று நினைக்கிறேன். இடம்பெயர்ந்து, இடம்பெயர்ந்து அவற்றிலும் எவ்வளவோ விடுபட்டுப்போயின.

வீட்டுக்குள் அடி நடந்தால் பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. பிள்ளைகளுக்கு 1929. மனம் தாங்காமல் போகும்போது 1926 இலக்கத்துக்குப் பேசலாம். மாவட்ட வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. உங்கள் குடும்பநல உத்தியோகத்தரைக் கேட்டால் கிளினிக் நாளைச் சொல்வார். அங்கே போனால் கடைசியாக நடந்ததை மட்டும் சொல்லிவிட்டு வராமல், தொடக்கத்திலிருந்து சொல்லுங்கள். நேரம் எடுக்கும். ஒரு நாளில் சொல்லி முடியாவிட்டால் மிச்சத்தை அடுத்த கிளினிக்கில் சொல்லலாம்.